பனிமலையில் பூட்ஸ் கழற்றியவன்

அந்த ஊரில் நான் பெரிய ஆள். சொந்தமாகக் குதிரை உண்டு. முதுகில் வில், இடுப்பில் முழங்காலைத் தாண்டித் தொங்குகிற கத்தி. நான் நடந்து வந்தால் கோட்டை வாசலில் நிற்கிற காவல்காரன் தலையை ஆட்டி வழி விடுவான். தாடி வைத்த பெரிய மனிதர்கள் என்னைத் தேடி வந்து, உன்னை விட்டால் எங்களுக்கு வேறு கதி ஏது என்கிற முகத்தோடு பேசுவார்கள்.

இந்த ஊரில் என் கதை வேறு. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகிற பஸ்ஸில் பலாப்பழ மூட்டையோடு ஏறினால், “பழம் நசுங்கிடப் போவுது, நீ தள்ளி நில்லு” என்பார் கண்டக்டர். அவர் சொல்வதும் நியாயம்தான். பழத்தை விற்கலாம்.

அந்த ஊர் ஒரு லேப்டாப்புக்குள் இருந்தது. லேப்டாப் என் மச்சானுடையது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஆர்டர் இல்லை, கூப்பிடும்போது வாங்க என்று அவர்கள் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டதால், பழைய லேப்டாப்பைத் துணிக்கு நடுவில் சுற்றி எடுத்துக்கொண்டு மலை ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் அக்காவுக்கு ஒரு புடவை கொடுத்தான். எனக்கு ஒரு நாடு கொடுத்தான்.

வடக்கே, கடலுக்கு அந்தப் பக்கம், வருஷம் முழுக்கப் பனி கொட்டுகிற தேசத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் கும்பிட்ட சாமிகளையும் சொல்லிக்கொண்ட கதைகளையும் வைத்து யாரோ செய்த விளையாட்டு அது என்று மச்சான் சொன்னான். சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற சாமி, ஒற்றைக்கண் சாமி, இறக்கை முளைத்த ராட்சச ஓணான். ஓணானுக்கு அவர்கள் டிராகன் என்று பேர் வைத்திருந்தார்கள். விளையாட்டில் இன்ன வழியாகத்தான் போக வேண்டும் என்று கிடையாதாம். கால் போன பக்கம் போகலாமாம்.

நான் படித்தவன் இல்லை. அதற்காகப் பள்ளிக்கூடத்தின் மேல் பழி போட மாட்டேன். வாத்தியார் மலை ஏறி வந்த நாளில் நான் ஆட்டின் பின்னால் போயிருந்தேன். நான் போன நாளில் அவருக்குப் பஸ் கிடைக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே என் படிப்பு முடிந்தது. தமிழ் எழுத்தை பஸ் போர்டிலும் உர மூட்டையிலும் பொறுக்கிக்கொண்டேன். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அந்த விளையாட்டில் வருகிற பேச்சு, எழுத்து, சண்டை, சமாதானம் அத்தனையும் இங்கிலீஷ்.

ஆனால் ஒரு அம்புக்குறி இருந்தது. அது காட்டுகிற பக்கம் போனால் போதும். யாராவது ஏதாவது கேட்டால், கீழே பதில்கள் வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பதிலை அமுக்கிவிடுவேன். சொந்த ஊரிலும் நான் அப்படித்தான். புரியாவிட்டால் தலையை ஆட்டிவிடுவேன்.

முதல் நாள் காட்டில் ஒரு மான் நின்றது. அம்பு விட்டேன். மான் விழுந்தது. விழுந்ததும் நான் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தேன்.

“இன்னா மாமா தேடற?” என்றான் மச்சான்.

“எவனாவது வர்றானான்னு பாக்குறேன்.”

“யாரு?”

“ஃபாரஸ்ட்டு.”

“அங்க ஃபாரஸ்ட்டுலாம் இல்ல மாமா.”

“இல்லாம எப்படிடா இருக்கும்? காடு கீது, மானு கீது.”

அவன் சொன்னதை நம்பாமல், மானை ஒரு புதர்ப் பக்கமாக இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தேன். உண்மையிலேயே யாரும் வரவில்லை என்று தெரிய வந்தபோதுதான் அந்த நாடு என்னைப் பிடித்துக்கொண்டது. ஓணான் நெருப்புத் துப்புவதெல்லாம் எனக்குப் பெரிய மாயமாகத் தெரியவில்லை. கண்ணில் படுகிற எந்த மலைக்கும் யாரையும் கேட்காமல் நடந்து போகலாம் என்பதுதான் மாயம். தூரத்தில் ஒரு கொடுமுடி தெரியும். அது படம் இல்லை. நடந்தால் வரும். மேலே ஏறினால் இன்னொரு மலை தெரியும், அதுவும் நடந்தால் வரும். ஜவ்வாது மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, எதிரில் தெரிகிற மலைகளில் பாதியின் முதுகுப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. அங்கே ஒரு மலையின் முதுகையும் நான் பாக்கி வைக்கவில்லை.

காற்றுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நிஜமாகவே குளிரும். வெயில் அடிக்கிற பகலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி ஒரு நாள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சலா?”

“இல்ல. பனி.”

அவள் வாசலைப் பார்த்தாள். வெயிலில் புளி காய்ந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். புளியைக் கிளறப் போய்விட்டாள். கிளற வேண்டியது நான்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே நான் சும்மா உட்கார்ந்த ஆள் இல்லை. விறகு வெட்டினேன். பூ பறித்தேன். தேன் எடுத்தேன். காளான் பொறுக்கினேன். யார் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் தேடிக் கொடுத்தேன். கோடாலியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனால் உட்கார்ந்து பீடி பிடித்துவிட்டுத் திரும்பி வருகிறவன் என்று ஊரே அறிந்த ஆள், அங்கே கட்டுக் கட்டாக விறகு சுமந்தேன். என் மனைவி இதையெல்லாம் சாணம் மெழுகிக்கொண்டே பார்த்தாள்.

“இதே வேலைய இங்க சொன்னா இடுப்பு வலிக்குதுன்ற.”

“அங்க வலிக்கிறது அவனுக்கு.”

“அப்ப இங்க வலிக்கிறது எனக்கா?”

இதற்கு மேல் வரிசையில் பதில் ஒன்றும் வரவில்லை.

அவளுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. மலைச்சரிவில் நாங்கள் விதைத்திருந்த மேட்டுக்கொல்லைச் சாமை. எங்கள் ஊரில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது, ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் கொல்லையில் விளைந்த சாமையை முறத்தில் கொண்டுவந்து பொதுப் பானைக்குத் தட்டுவாள். கடையில் வாங்கியது ஆகாது, ரேஷன் அரிசி ஆகாது. போன வருஷம் எங்கள் கொல்லையைக் குருவி தின்றுவிட்டது. என் மனைவி வெறும் முறத்தோடு வரிசையின் கடைசியில் நின்றாள். யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த வருஷம் முறம் நிறையத் தட்டுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்னது அம்மனிடம் இல்லை, என்னிடம்.

காவல் வேலை என்னுடையது. கொல்லை நடுவில் நாலு கழி நட்டு மேலே பலகை போட்ட பரண். அதில் உட்கார்ந்து, குருவிக் கூட்டம் இறங்கினால் தகரத்தைத் தட்ட வேண்டும், கவணில் கல் வைத்து விட வேண்டும். மூளை தேவைப்படாத வேலை என்பதால் எனக்குத்தான் பொருத்தம் என்று ஊரே ஒப்புக்கொண்டது. நான் பரணுக்குத் தகரத்தையும் கவணையும் எடுத்துக்கொண்டு போனேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனேன்.

இதற்கு நடுவில் அங்கே எனக்கு இரண்டு சங்கடங்கள் நடந்தன.

முதலாவது கோயில். மலை உச்சியில் ஒரு கல் கோயில் இருந்தது. உள்ளே சுத்தியல் சாமி. வாசலுக்கு வந்ததும், போட்டிருந்த பூட்ஸைக் கழற்றினேன். கழற்ற வழி இருக்கிறது. சாமான் பையைத் திறந்து பூட்ஸ் படத்தை அமுக்கினால் வெறுங்கால் ஆகிவிடும். அந்த பூட்ஸ் குளிரையும் அடியையும் தாங்குகிற மந்திர பூட்ஸ் என்று மச்சான் பாடுபட்டுத் தேடிக் கொடுத்தது. நான் வெறுங்காலோடு உள்ளே போய்க் கும்பிடு போடத் தேடினேன். கும்பிடு போட மட்டும் பொத்தான் இல்லை. சாமிக்குப் பின்னாலிருந்து எலும்புக்கூடுகள் கத்தியோடு வந்தன. செத்துப் போனேன்.

“பூட்ஸ எதுக்கு மாமா கழட்டின?”

“கோயில்டா.”

“அது சண்ட போட்ற எடம் மாமா.”

“இருக்கட்டுமே. செருப்போடவா போவாங்க?”

அன்று முதல் மச்சான் எதுவும் சொல்லித் தர மாட்டேன் என்றான். நானும் பழக்கத்தை விடவில்லை. கோயிலானாலும் வீடானாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

இரண்டாவது தாயத்து. இன்னொரு கோயிலில் பூசாரி மாதிரி ஒருவர் கழுத்தில் போடுகிற தாயத்து ஒன்றைக் கொடுத்தார். பூசாரி கயிறு கொடுத்தால் எதற்கு என்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. காய்ச்சலோ கண்ணேறோ, ஏதோ ஒன்றுக்குக் கேட்கும். மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நாளில் கொல்லன் பட்டறையில் வேலை செய்கிற உயரமான பெண் ஒருத்தி என்னிடம் வந்து ஏதோ கேட்டாள். வழக்கம்போல மேலே இருக்கிற பதிலை அமுக்கினேன். மறுநாள் கோயிலில் ஒரு கூட்டம். அங்கேயும் மேல் பதிலை அமுக்கினேன். கூட்டம் கை தட்டியது. ஏதோ பாராட்டு விழா என்று நினைத்தேன்.

அங்கே எனக்கிருந்த வீட்டைத் திரையில் மச்சான்தான் பார்த்தான்.

“மாமா, நம்ம வூட்டுல இது யாரு?”

“தெரியல மச்சான். பட்டறையில இருந்த பொண்ணு. நம்மளோடவே வந்துடுச்சி. விருந்தாளி போல.”

அவன் என் கழுத்துத் தாயத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையில் உருண்டான். அந்த நாட்டில் அதைக் கழுத்தில் போட்டால், எனக்குப் பெண் வேண்டும் என்று ஊருக்குச் சொல்வதாம்.

“அக்கா, இங்க வா. மாமா கல்யாணம் பண்ணிக்கிட்டாரு.”

என் மனைவி களி கிண்டிய துடுப்போடு வந்தாள். திரையை நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லா ஒசரமா கீறா” என்றாள். “இவளுக்குத்தான் வெறகு வெட்றியா?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “அக்காங்.”

“தண்ணி?”

“தண்ணி தூக்க வேணாம். வூட்டுப் பக்கத்துலயே ஆறு போவுது.”

“குடுத்து வெச்சவ” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டி முழுக்க இந்தச் செய்திதான். பங்காளி ஒருவன் என்னை நிறுத்தினான்.

“வா புது மாப்ள. பொண்ணு வூட்ல இன்னா சீர் செஞ்சாங்க?”

“ஒரு கரடித் தோலு.”

“மாமியாரு எப்படி?”

“பேசறது புரியல. அந்த விஷயத்துல நல்ல எடம்.”

தொட்டியே சிரித்தது. கோமாளிக்கு இதை விட என்ன வேண்டும். பானையோடு பின்னால் நின்றவர்களில் என் மனைவியும் ஒருத்தி என்பதைத் திரும்பிய பிறகுதான் கவனித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “கொல்லைக்கு யாரு போறது?” என்று கேட்டாள்.

கொல்லைக்கு நான் போனேன். அன்றைக்குச் சாமை நன்றாக முற்றி, கதிரெல்லாம் தலை குனிந்து நின்றது. இன்னும் சில நாளில் அறுப்பு. பரணில் ஏறித் தகரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அங்கே நான் என் வீட்டுக்குள் இருந்தேன். வெறுங்கால். பட்டறைக்காரி ஏதோ சமைத்துக்கொண்டிருந்தாள். வெளியே உறுமல் கேட்டது. ஓணான் வந்துவிட்டது. அவள் கத்தியை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நானும் ஓடினேன். பூட்ஸ் மாட்ட நேரம் இல்லை.

நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. கண்ணை எடுத்தால் அவளைக் கொன்றுவிடும் என்றுதான் நினைத்தேன். வில்லை எடுத்தேன். ஓணான் வானத்தைச் சுற்றியது. கூரை பற்றிக்கொண்டது. எங்கேயோ குருவி கத்தியது.

குருவி கத்தியது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்டிலும் குருவி உண்டு. விடியற்காலையில் ஊசி இலை மரத்துக்குள் கத்தும். செய்தவர்கள் அத்தனை பொறுப்பாகச் செய்திருக்கிறார்கள். என் கொல்லையில் இறங்கிய குருவியின் சத்தத்தை, அந்த ஊர்க் குருவி என்றே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு சண்டையிலும் குருவிச் சத்தத்தைக்கூட விடவில்லையே என்று அவர்களை மனதுக்குள் மெச்சவும் செய்தேன்.

தகரச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தேன். தகரம் என் காலடியில் இருந்தது. தட்டியது கூழ்க் குண்டானின் மூடி. என் மனைவி கொல்லை மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள், மூடியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு. அவளுக்கு முன்னால், கொல்லையின் மேல் பாதியான மேல்பட்டியிலிருந்து குருவிகள் ஒரு கம்பளியை உதறியது போல எழுந்தன. அத்தனை குருவி என் கொல்லைக்குள் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. எழுந்து போன பிறகு மேல்பட்டிக் கதிரெல்லாம் தலை நிமிர்ந்து நின்றது. மணி இருக்கிற கதிர் குனியும்.

அவள் பரணில் ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திரையைப் பார்த்தாள். வீடு எரிந்துகொண்டிருந்தது. பட்டறைக்காரி பனியில் விழுந்து கிடந்தாள்.

“செத்துட்டாளா?”

“அக்காங்.”

“நீ எங்க இருந்த?”

“பக்கத்துலதான்.”

“அங்கயும் பக்கத்துலதானா?”

கூழ்க் குண்டானை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு இறங்கினாள். கூழ் பாதி கொட்டிப் போயிருந்தது. மீதியைக் குடித்தேன். வெட்கம் எனக்குப் பசியை எப்போதும் கெடுத்ததில்லை.

சாயங்காலம் மச்சான் விஷயத்தைக் கேட்டான். போன சாமைக்கு ஆறுதல் சொல்ல அவனுக்கு வரவில்லை. அதனால் அவனுக்குத் தெரிந்த இடத்தில் ஆறுதல் சொன்னான்.

“அதுக்கு இன்னா மாமா. முன்னாடி சேத்து வெச்ச பழைய சேவ் ஒண்ணு கீது. அதுல இருந்து ஆரம்பிச்சா, அவ செத்ததே இல்லன்னு ஆயிடும். வூடும் எரியாது.”

என் மனைவி விளக்குத் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, அத மேட்டுக்கொல்லைக்குப் போட முடியுமா?”

கேலி செய்கிற குரலில் அவள் கேட்கவில்லை. நிஜமாகவே ஒரு நொடி, படித்த தம்பிக்குத் தெரிந்திருக்குமோ என்று கேட்டாள்.

மறுநாள் லேப்டாப்பை அவள் ஒளித்து வைக்கவில்லை. உடைக்கவில்லை. நன்றாகத் துடைத்து, சார்ஜ் போட்டு, நான் பரணுக்குக் கிளம்புகிற வழியில் வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு போ பார்க்கலாம் என்கிற மாதிரி. ஓணானை எதிர்த்து நின்ற எனக்கு அதைத் தாண்டிப் போகத்தான் தைரியம் தேவைப்பட்டது. தகரத்தையும் கவணையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

பரணில் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. அம்புக்குறி இல்லை. பின்னணியில் பாட்டு இல்லை. ஒரு குருவியை விரட்டினால் உன் திறமை கூடியது என்று எவனும் சொல்வதில்லை. விரட்டிய குருவி வேலி வரைக்கும் போய் உட்கார்ந்து, நான் கொட்டாவி விடும் நேரம் பார்த்துத் திரும்பி வரும். கை வலிக்கத் தகரம் தட்டினேன். கீழே களை பிடுங்கிக்கொண்டிருந்த என் மனைவி அவ்வப்போது தலை தூக்காமலே குரல் கொடுப்பாள்.

“தோ பாரு, கெழக்கால ஓணான் வருது.”

கிழக்கில் திரும்புவேன். குருவி இறங்கிக்கொண்டிருக்கும்.

மேல்பட்டி போனது போனதுதான். கீழ்பட்டி நின்றது. பங்காளி வீடுகளிலிருந்து ஆள் வந்து அறுத்தார்கள். அவர்கள் கொல்லைக்கு நாங்கள் போய் அறுத்தோம். மச்சானுக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. லேப்டாப்பைத் துணிக்கு நடுவில் சுற்றிக்கொண்டு செங்கம் பஸ்ஸில் மலை இறங்கிப் போனான். என் குதிரை, என் கத்தி, நான் ஏறிய மலைகள் எல்லாம் அவன் பையில் போயின. வழியனுப்பப் போன என்னிடம், “அழாத மாமா” என்றான். பஸ் புகை என்றேன்.

அம்மன் பொங்கலன்று என் மனைவி வரிசையின் நடுவில் நின்றாள். முறம் நிறையவில்லை. நடுவில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். அவள் முறை வந்தபோது பெண்கள் முறத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பினார்கள். போன வருஷத்து அதே மரியாதை. நான் செருப்பை மரத்தடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். என்ன தமாஷ் பேசி இதை மாற்றுவது என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

அவளே பேசினாள்.

“இன்னா எல்லாம் அந்தப் பக்கம் பாக்குறீங்க? கொறச்சலாதான் கீது. கீழ்பட்டி எனக்கு. மேல்பட்டிய உங்க அண்ணன் சின்ன வூட்டுக்கு எழுதி வெச்சிட்டாரு.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிறகு பொத்தாமலே சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் சாமையைப் பானைக்குத் தட்டினாள். கடைசி மணி வரைக்கும் முறத்தை விரலால் சுண்டித் தட்டினாள். பிறகு வெறும் முறத்தை என்னிடம் கொடுத்தாள். இந்த ஊரில் தமாஷ் என் வேலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அப்போது ஓசூரிலிருந்து போன் வந்தது. சத்தத்தில் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

“மாமா, இன்னைக்கி லீவு, அத தொறந்தேன். உன் ஆளு இன்னும் எரிஞ்ச வூட்டு முன்னாலயே நிக்கிறான். வெறுங்காலு. பழைய சேவ்ல போட்டுடட்டுமா? அவ பொழச்சிக்குவா.”

நான் என் மனைவியைப் பார்த்தேன். போன் அவள் பக்கம்தான் நீண்டிருந்தது.

“போடுடா தம்பி” என்றாள். “அவளாவது பொழச்சிப் போவட்டும். வெறகு மட்டும் இனிமே அவளே வெட்டிக்கட்டும். உன் மாமனுக்கு இங்க வேல கீது.” அடுப்பைப் பார்த்தாள். மறுபடி போன் பக்கம் குனிந்தாள். “அந்த ஆள பூட்ஸ் மாட்டிக்கச் சொல்லு. பனியில நிக்கிறான் பாவம்.”

பானைக்கு விறகு தீர்ந்திருந்தது. முறத்தை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கோடாலியை எடுக்கப் போனேன்.